சந்தை நிறுத்தத்தில் அத்தாவின் பேர்

பிஸ்மில்லாஹ்.

என் அன்பு மகன் பிலாலுக்கு, உன் அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் மருமகள் பர்சானாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் உன் ரூம் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் வாடாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னடா இது, கையில் போன் இருக்கும்போது அம்மா பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை பாதிப் பேச்சில் போனை வைத்தாய் அல்லவா, அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது பார், கிழித்தால்தான் உண்டு, அந்த அளவுக்கு நான் உன்னை வளர்க்கவில்லை. அஸ்லாம் லீவு முடிந்து வியாழக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதையும் பருப்புப் பொடியையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொஞ்சம் முறுக்கையும் கொடுத்து விடுகிறேன். முறுக்கை ரூமில் எல்லாருக்கும் கொடு, ஒளித்து வைத்துத் தின்னாதே. உன்மேல் கோபமா என்று கேட்டால் கோபம்தான். கோபத்தோடுதான் முறுக்கும் சுட்டேன், நாலைந்து கருகியிருக்கும், பொறுக்கிப் போட்டுவிட்டுத் தின்.

முதலில் ஊர் சேதி. மழை இந்த வருஷம் கண்ணாமூச்சி காட்டுகிறது. வெள்ளாற்றில் தண்ணீர் வந்த மாதிரி வந்து போய்விட்டது, மக்காச்சோளம் போட்டவர்கள் எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி என்கிறார்கள். அரியலூரில் உன் அக்கா மர்வா சுகம். அவளுக்கு நான் போனாலும் குறை, போகாவிட்டாலும் குறை. போனால் ஏன் இரண்டு நாளில் கிளம்புகிறாய் என்பாள், போகாவிட்டால் மருமகள் வந்ததும் மகளை மறந்துவிட்டாய் என்பாள். லாரி ஓடுகிற ரோட்டோரம் வீடு, துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் புழுதி படிந்துவிடுகிறது என்று ஒரே புலம்பல். நம் வீட்டு மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணி, மெக்கானிக் வந்து கழற்றிப் போட்டுவிட்டுப் போனவன் போனவன்தான், கேட்டால் சாமான் வரவில்லை என்கிறான். பக்கத்து வீட்டில் குழாய் இருக்கிறது, கஷ்டமில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைகள். இனிமேல் எழுதப்போவது தெரியாதது. படித்துவிட்டுப் பதறாதே, எல்லாம் நடந்து முடிந்து சரியான பிறகுதான் எழுதுகிறேன், பர்சானாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

போன மாதம் பெரம்பலூருக்குச் செக்கப்புக்குப் போகக் கிளம்பிய அன்று பர்சானா சந்தைப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். நான் கூடத்தான் இருந்தேன், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் பிள்ளை தரையில் கிடக்கிறாள். யா அல்லாஹ், அந்த நிமிஷம் எனக்கு உலகமே இருட்டிவிட்டது. கீரையும் சின்ன வெங்காயமும் கூறு கட்டி விற்கிறாளே செல்வம்மாள், மகளிர் குழுத் தலைவி, அவள்தான் கூடையை உதறிவிட்டு ஓடிவந்து மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அப்புறம் ஒரு கார் பிடித்துக் கொண்டுபோனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு பர்சானாவை அல்ல, என்னைத்தான் திட்டினார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, இந்தப் பெண் தண்ணீரே குடிப்பதில்லையா, சிறுநீரில் கிருமி சேர்ந்து கிடக்கிறது, இப்படியே விட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றார்கள். மாத்திரை சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறாள், பிள்ளையும் மாஷா அல்லாஹ் நன்றாக இருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம், அங்கே தூங்க மாட்டார்கள் என்று அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளைக் கோபிக்காதே. கோபிப்பதாக இருந்தால் ஊரைக் கோபி.

ஏன் குடிக்கவில்லை என்று கேட்பாய். பஸ் ஏறுகிற பெண் காலையில் எழுந்ததிலிருந்து தண்ணீர் வாயில் வைக்கக் கூடாது என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஆண்பிள்ளைக்கு ஒரு மரம், ஒரு சுவர் போதும். எங்களுக்கு எங்கே இருக்கிறது ஒதுங்க இடம். செக்கப்புக்குப் போகிறவள், பென்ஷன் வாங்கப் போகிற கிழவி, பரீட்சைக்குப் போகிற பெண்பிள்ளை, எல்லாரும் வறண்ட தொண்டையோடு பஸ் ஏறி வறண்ட தொண்டையோடு திரும்புகிறோம். வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் ஒரு வாய் டீ. சந்தையில் விற்கிற பெண்கள் பாடு இன்னும் மோசம், விடியலில் கூடையை இறக்கினால் பொழுது சாயும்வரை அங்கேதான், அந்த மூன்று நாள்களில் அவர்கள் படுகிற பாட்டை மகனிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன். தண்ணீர் குடிக்காமல் கிளம்பு என்பது என் மாமியார் எனக்குச் சொன்னது, நான் பர்சானாவுக்குச் சொன்னது. யாரும் அதைப் பெரிய விஷயமாக நினைத்ததில்லை, பிள்ளை தரையில் விழும்வரை.

இது நடந்த சூட்டோடு லத்தீப் மாமு வீட்டுக்கு வந்தார். அப்துல் லத்தீப் மாமு என்றால் உன் அத்தாவின் உயிர்ச் சிநேகிதர், ஜமாஅத் செயலாளர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. ஷார்ஜாவில் நம் ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரூமில் கூடி, ஒரே மனதாக முடிவு பண்ணியிருக்கிறார்கள், மக்கள் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசாங்கம் போடுகிற திட்டத்தில் நம் ஊருக்கு ஒரு நிழற்குடை, புளியமரத்து முக்கில், பளிங்குக் கல் பதித்து, கமாலுத்தீன் நினைவு நிழற்குடை என்று உன் தகப்பனார் பேரைப் போட்டு. போனில் படத்தைக் காட்டினார். உங்கள் ஷார்ஜா சங்கத்துக்குச் செயலாளர் நீ என்பதும் முதலில் கை தூக்கியது நீ என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அத்தா மௌத்தாகி மூன்று வருஷமாகியும் ஊர்ப் பிள்ளைகள் மறக்கவில்லையே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சவுதியை முடித்து வந்த பிறகு, பயணம் போகிற எந்தப் பிள்ளையையும் அவர் அந்தப் புளியமரத்தடிக்கு வராமல் அனுப்பியதில்லை. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஆண்கள் கூட்டமாக நடந்து வருவீர்கள், நாங்கள் வாசலோடு நின்றுவிடுவோம், அங்கே உன் அத்தா பெட்டியைத் தோளில் வாங்கி வேனில் ஏற்றி, ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்து துஆ செய்து அனுப்புவார். நீ போனபோதும் அப்படித்தான். அதனால்தான் உங்களுக்கெல்லாம் ஊர் என்றால் அந்த மரத்தடி. நான் தப்பே சொல்லவில்லை, ஊரை விட்டுக் கிளம்பியவன் கண்ணில் கடைசியாக எது பட்டதோ அதுதானே தங்கும்.

ஆனால் பிலால், அந்த முக்கில் இப்போது பஸ்ஸே நிற்பதில்லை. ரோட்டை அகலப்படுத்தியதிலிருந்து பெரம்பலூர் பஸ்ஸும் அரியலூர் பஸ்ஸும் திட்டக்குடி பஸ்ஸும் சந்தையோடு நின்று அப்படியே திரும்பிவிடுகின்றன. நீங்கள் லீவில் வந்தாலும் கார், போனாலும் வேன், பஸ் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும். ரூமில் அத்தனை பேர் கூடினீர்களே, ஊரில் இருக்கிற ஒரு பொம்பளைக்குப் போன் போட்டு எங்கே நிற்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். உங்கள் பெண்டாட்டிகளிடமாவது கேட்டிருக்கலாம், தினமும் மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள், சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று. நானும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எனக்கும் படத்தில் இருந்த பேர்தான் தெரிந்தது, இடம் தெரியவில்லை.

கேட்டது செல்வம்மாள்தான். ஒருநாள் கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தாள், பர்சானாவுக்கென்று முருங்கைக்கீரை எடுத்து வைத்தாள், புரட்டாசி சனிக்கிழமைக்குக் கல்லங்குறிச்சி போய் வந்த கதையைச் சொன்னாள், அப்புறம் மெதுவாக, “பாயம்மா, உங்க வூட்டுக்காரரு பேருக்கு நா குறுக்க நிக்கல. ஆனா அங்க கட்டுனா யாரு நிக்கப் போறா?” என்றாள். சந்தைக்குப் பக்கத்தில் புறம்போக்கு சும்மா கிடக்கிறது, அங்கே பெண்களுக்கு ஒரு கழிப்பிடமும் முன்னால் நிற்க ஒரு கூரையும் போதும் என்று குழுவில் பேசி வைத்திருக்கிறார்களாம். எனக்குச் சுருக்கென்று வந்தது. உங்கள் குழு சமாசாரத்துக்கு என் புருஷன் பேரா கிடைத்தது, வருகிற நல்லதையும் தட்டி விடாதே என்று வெடுக்கென்று பேசிவிட்டேன். அவள் கூடையைத் தூக்கினாள். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உன் பெண்டாட்டி, என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, தலையைத் தூக்காமலே கேட்டாள். “மாமி, நா மரத்தடியிலயா விழுந்தேன்?” அவ்வளவுதான். ஓடிப்போய்த் தெருமுனையில் செல்வம்மாளைப் பிடித்து நிறுத்தி, நானும் வருகிறேன் என்று சொன்னேன்.

எங்கே வருகிறேன் என்றால் கிராம சபைக்கு. சிரிக்காதே. நம் தெருப் பெண்கள் இதுவரை கிராம சபைக்குப் போனதே இல்லை, கையெழுத்து மட்டும் போகும், வீட்டுக்கே நோட்டு வரும், போட்டுக் கொடுப்போம். இந்தத் தடவை அக்டோபர் இரண்டாம் தேதி பர்தாவை மாட்டிக்கொண்டு நாங்களே போனோம். எங்களைப் பார்த்ததும் ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பர்சானா வயிற்றைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில். பஞ்சாயத்துத் தலைவர் சிவரஞ்சனி சின்னப் பெண்தான், அவளுக்கே அன்றைக்குக் கொஞ்சம் பயம் என்று அப்புறம் சொன்னாள், யூனியனிலிருந்து அதிகாரி வேறு வந்து உட்கார்ந்திருந்தார். நிழற்குடைத் தீர்மானத்தை வாசித்தார்கள். ஏகமனதாக என்று சொல்லிக் கை தட்டத் தொடங்கும்போது செல்வம்மாள் எழுந்து ஏகமனது இல்லை என்றாள். உட்காரு, அப்புறம் பேசலாம் என்று நாலு குரல். அவள் உட்காரவில்லை. நம் மக்களுக்குத்தான் பேசினால் காது கேட்காதே. அப்போது சொன்னாள் பார், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “பேச வேணாங்க. எல்லாரும் எந்திரிங்க, நீங்க பஸ் ஏறுற எடத்துல போயி நில்லுங்க.”

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சிவரஞ்சனி முந்திக்கொண்டு, நல்ல யோசனைதான், கூட்டம் அங்கேயே நடக்கட்டும் என்று எழுந்துவிட்டாள். அப்படியே சபை எழுந்து நடந்தது பிலால். பென்ஷன் கிழவிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொல்லையில் களை எடுக்கப் போகிறவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்கள், எல்லாரும் போய்ச் சந்தை முனையில் நின்றோம், ஊரில் இத்தனை பேர் பஸ் ஏறுகிறோமா என்று எனக்கே ஆச்சரியம். வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் புளியமரத்தடியில் லத்தீப் மாமுவும் பீடி குடிக்கிற இரண்டு பேரும் மட்டும். மாமு அந்த மரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், உன் அத்தாவும் அவரும் சேர்ந்து எத்தனை பிள்ளைகளை அங்கிருந்து ஏற்றிவிட்டிருப்பார்கள். அப்புறம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து எங்கள் பக்கம் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை, அவராகத்தான் வந்தார். அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

கூரை சரி, கழிப்பிடம் எதற்கு என்று ஒருத்தர் கேட்டார். செல்வம்மாள் வெட்கப்படாமல் தண்ணீர் குடிக்காமல் வருகிற கதையைச் சொன்னாள். கூட்டத்தைப் பார்த்து, இன்றைக்குக் காலையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பொம்பளை யாராவது இருந்தால் கை தூக்குங்கள் என்றாள். ஒரு கை எழவில்லை. ஆண்கள் பக்கம் அவனவன் தன் வீட்டுப் பெண்ணைத் தேடிப் பார்க்கிறான். சரி, இடம் முடிவாகிவிட்டது, கட்டடம் முடிவாகிவிட்டது என்று சிவரஞ்சனி சொன்னாள். அதற்கப்புறம்தான் சிக்கல். மக்கள் பங்கைப் போடுவதாகச் சொன்னது ஷார்ஜா பிள்ளைகள், அவர்கள் போடுவது கமாலுத்தீன் பேருக்காக. கழிப்பிடத்தில் ஒரு நல்ல மனுஷன் பேரை எழுதுவதா, தோபா தோபா என்றார்கள் நம் ஆட்கள். பேர் இல்லாவிட்டால் பிள்ளைகள் பங்கு தர மாட்டார்கள், பங்கு இல்லாவிட்டால் ஃபைல் நகராது, மறுபடி மரத்தடிக்கே போய்விடும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பர்சானா என் கையைப் பிடித்திருந்தாள். நாலு ஆம்பிளைகள் நடுவில் என்றைக்குப் பேசியிருக்கிறேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். “அவங்க பேரு இங்கயே இருக்கட்டும். அவங்க சந்தோஷப்படுவாங்க.” அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று லத்தீப் மாமு கேட்டும் சொல்லவில்லை. தீர்மானம் எழுதினார்கள். பெண்கள் எல்லாரும் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாளே யாரோ போனில் படம் பிடித்து உங்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீ வெள்ளிக்கிழமை கூப்பிட்டாய், ஸலாம்கூடச் சொல்லவில்லை. கக்கூசுக்கா எங்க அத்தா பேரு, நாளைக்கு நாலு பேர் அங்கே போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போவான், கமாலுத்தீனுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லுவான், உங்களுக்கு வெட்கமா இல்லையா என்று கேட்டாய். வைத்துவிட்டாய். நீ சொன்னது நடக்கத்தான் நடக்கும். நம் ஊர் வாய் அப்படித்தான். உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை, அத்தாமேல் உயிரை வைத்திருக்கிற பிள்ளைக்கு வருகிற கோபம் அது. அதனால்தான் சபையில் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். மகனிடம் சொல்லாமல் ஊரிடம் சொல்வது முறையில்லை என்றுதான் அங்கே வாயைக் கட்டிக்கொண்டேன்.

உன் அத்தா சவுதியில் என்ன வேலை பார்த்தார் என்று யார் கேட்டாலும் மெயின்டனன்ஸ் என்பாய். அவர் சொல்லிக் கொடுத்தது அது. லீவில் வந்தால் விடியலில் எழுந்து நம் வீட்டுக் கக்கூசைத் தானே கழுவுவார், என்னைத் தொட விட மாட்டார், ஞாபகம் இருக்கிறதா. நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, அத்தாவுக்குக் கக்கூஸ் பைத்தியம் என்று கத்திக்கொண்டு ஓடுவாய், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும், நான் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவேன், நீ கேட்டால் வெயில் என்பார். வெயில் இல்லை மகனே. ஜித்தாவில் ஹாஜிமார் வந்து இறங்குகிற இடத்தில் அவர்கள் கழிப்பிடங்களைக் கழுவுகிற வேலை. போன நாளிலிருந்து திரும்பி வந்த நாள்வரை அதுதான். உன் பள்ளிக்கூடம், காலேஜ், உன் அக்கா கல்யாணம், இந்த வீடு, எல்லாம் அதில் வந்தது. முதல் தடவை லீவில் வந்து என்னிடம் சொன்னபோது நான் அழுதேன். அவர் அழவில்லை. “எங்கெங்கேருந்தோ வர்ற ஹாஜிங்க. நா சுத்தமா வெச்சாத்தானே அவங்க கை கால் கழுவி உளூ செஞ்சு தொழ முடியும். இதுல என்ன கொறச்சலு?” என்று என்னைத்தான் தேற்றினார். பிள்ளைகளிடம் மட்டும் சொல்லாதே, பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்கள் என்றார். அவருக்கு அந்த வேலையில் வெட்கம் இருந்ததில்லை, உன்னை யாரும் ஒன்று சொல்லிவிடக் கூடாது என்ற கவலைதான் இருந்தது. இப்போது நீ பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. தகப்பன் ஆகப்போகிறாய்.

அதனால் இதைக் கேட்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ரூமில் பிள்ளைகள் கூடும்போது நீ செயலாளராகப் பேசாதே, கமாலுத்தீன் மகனாகப் பேசு. நான் எழுதியதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். பேர் வேண்டாம் என்று இதற்குப் பிறகும் உனக்குத் தோன்றினால் எழுது, பேரை எடுத்துவிடச் சொல்கிறேன், பேர் உன் அத்தாவுடையது, அதில் உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கட்டடத்தைத் தடுக்காதே. எது வேண்டும், எங்கே வேண்டும் என்பது அங்கே தினமும் நிற்கிறவர்கள் சொல்ல வேண்டியது, சொல்லிவிட்டார்கள். மரத்தடி எங்கும் போகாது. நீ லீவில் வரும்போது அது அப்படியே நிற்கும், போகும்போது லத்தீப் மாமு அங்கேதான் துஆ செய்து அனுப்புவார். அவர் இன்னொன்றும் செய்திருக்கிறார். சந்தைக்கு எதிரில் அவர் வீடு இருக்கிறதே, கட்டடம் எழும்பும்வரை கொல்லைக் கக்கூசுக்குப் போகிற கதவைத் திறந்து வைத்து, பெண்கள் எல்லாரும் தயங்காமல் வந்து போங்கள் என்று சொல்லிவிட்டார். செல்வம்மாளும் சந்தைப் பெண்களும் முறை வைத்துக் கழுவி விடுகிறார்கள். முந்தாநாள் என் முறை என்று நானும் போய் நின்றேன். மாமு பதறிப்போய், நீங்கள் எதற்கு என்றார். எங்கள் வீட்டில் இது பழக்கம்தான் என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை வாங்கிக்கொண்டேன். அவருக்குப் புரியவில்லை, உனக்குப் புரியும்.

நேரத்துக்குத் தூங்கு, வட்டலப்பம் அது இது என்று இனிப்புக்கு ஆசைப்பட்டு ராத்திரியில் கண்ட கடையில் சாப்பிடாதே, அங்கே வெயில் இன்னும் குறையவில்லை என்று அஸ்லாம் சொன்னான், தண்ணீர் நிறையக் குடி. அல்லாஹ் உன் ஹயாத்தை நீட்டி வைத்து, உழைப்பில் பரக்கத் தந்து, பிறக்கப்போகிற பிள்ளையின் முகத்தை நீயே முதலில் பார்க்கிற நஸீபைத் தரட்டும். போனைப் பாதியில் வைத்ததை நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்துவிடு, ஆனால் அடுத்த தடவை கூப்பிடும்போது ஸலாம் சொல்லிவிட்டுப் பேசு. பர்சானா நேற்றுத் தனியாகவே செக்கப்புக்குப் போய் வந்தாள். கிளம்பும்போது பையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வந்து பையைப் பிரித்தபோது பாட்டில் காலியாக இருந்தது.

உன் அம்மா,
ஜைனம்பு கமாலுத்தீன்